கியூபுகளுக்கு வைத்த சந்தனம்

கடல் தண்ணீரைத் தொட்டியில் அடைத்து வைத்தால் மூன்றாவது வாரம் நாற ஆரம்பிக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், கடற்கரையை எட்ட பஸ்ஸில் நாலு மணி நேரமாவது ஆகும் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில், இரண்டு வருடம் அந்த நாற்றத்தோடு வேலை செய்து தெரிந்துகொண்டேன்.

எங்கள் இடத்துப் பெயர்ப் பலகை நீளமானது. கடல்சார் தொழில்நுட்பத்துக்கும் கடலில் அமையும் காற்றாலைகளுக்கும் துணைபுரியும் வட்டார ஆய்வு மையம் என்று மூன்று வரியில் எழுதியிருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். கண்டக்டர் ஒருவர் நான் இறங்கும்போதெல்லாம், "கப்பல் எங்கங்க நிக்கிது, மக்காச்சோளத்துக்குள்ளயா?" என்பார். எனக்குக் கோபம் வரும். அந்த மையம் அங்கே இருப்பதற்கு நியாயமான காரணம் இருந்தது. கடலுக்குள் காற்றாலை நட்டால் அடியில் கான்கிரீட் வேண்டும். கான்கிரீட்டுக்குச் சிமெண்ட் வேண்டும். சிமெண்ட் எங்கள் மண்ணிலிருந்து போகிறது. உப்புத் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். எந்தச் சிமெண்ட்டில் செய்த கலவை அதிக நாள் தாங்கும் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நல்ல வேலை. இன்றைக்கும் அதை நல்ல வேலை என்றே சொல்வேன். என் அருவருப்பு வேலையின் மேல் இல்லை.

மையத்தின் டைரக்டர் வேறு ஊரிலிருந்து வந்தவர். விருந்தாளி யார் வந்தாலும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து எடுத்த நத்தைக்கல் ஒன்றை, கல்லாக இறுகிப்போன பழைய கடல் நத்தையை, உள்ளங்கையில் வைத்துக் காட்டி, இந்த ஊரே ஒரு காலத்தில் கடல் என்று ஆரம்பிப்பார். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பேச்சு முடிந்ததும் கல்லைக் கைக்குட்டையால் துடைத்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். நான் சேர்ந்த முதல் மாதம் எனக்கும் அந்தப் பேச்சு புல்லரித்தது. பத்தாவது தடவை கேட்டபோது, அவர் எந்த வார்த்தையில் மூச்சு வாங்குவார் என்பதுகூட மனப்பாடமாகிவிட்டது.

என் பொறுப்பில் முப்பத்தாறு கியூபுகள் இருந்தன. கியூப் என்றால் எல்லாப் பக்கமும் அரையடி உள்ள கான்கிரீட் கட்டி. ஒன்று எட்டுக் கிலோ. நாலு விதச் சிமெண்ட்டில் நாலு கலவை, ஒவ்வொன்றிலும் ஒன்பது கட்டிகள். அதில் மூன்றாவது கலவை ஒரு கம்பெனியின் புதுச் சிமெண்ட். கடலில் காற்றாலை அஸ்திவாரம் போடும் வேலையைப் பிடிக்க அந்தக் கம்பெனி முயன்றுகொண்டிருந்தது. ஒரு வருடம் கடல் தண்ணீரில் ஊறியபின் கட்டிகளை மெஷினில் வைத்து நசுக்கி, எது எவ்வளவு தாங்கியது என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் தரங்கம்பாடிப் பக்கமிருந்து டேங்கர் லாரியில் வரும். கட்டிகளை நானே வார்த்தேன். நானே சிவப்புப் பெயிண்ட்டில் ஒவ்வொன்றின் நெற்றியிலும் எண் எழுதினேன். பெயிண்ட்டில் எழுதினால் போதாது, ஈரம் காயுமுன் ஆணியால் கீறியும் வைக்க வேண்டும் என்று பாலிடெக்னிக் பையனுக்குக்கூடத் தெரியும். நான் கீறவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும். பெயிண்ட்டில் எழுதினால் இன்னும் அழகாகத் தெரிந்தது.

ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். பக்கத்து ஊர்க்காரர். அவர் பேச்சும் எங்கள் வீட்டுப் பேச்சும் ஒன்று. அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே மாதிரிப் பருத்தி எடுத்தவர்கள், ஒரே மாதிரி வெங்காயம் ஆய்ந்தவர்கள். முதல் நாள் என்னை "பாப்பா" என்று கூப்பிட்டார். நான் பதில் சொல்லாமல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து "மேடம்" ஆனது. அதை நான் மாற்றச் சொல்லவில்லை. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அந்த மேடம் என் காதுக்கு வேண்டியிருந்தது. அவரிடம் நான் சொன்ன ஒரே வேலைக் குறிப்பு, மெஷினைத் தொடாதீங்க என்பது. அதையும் ஆள்காட்டி விரலை நீட்டித்தான் சொன்னேன்.

பதினொரு மாதம் ஊறியிருந்தபோது ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் மையத்தில் பூஜை. அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. டைரக்டர் எல்லாரையும் கூப்பிட்டு, தொட்டி நாறுகிறது, பக்கத்தில் நிற்க முடியவில்லை, எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொன்னதை நானும் கேட்டேன். பளபள என்றது தரையை மட்டும் என்று நினைத்தேன். மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடும் படித்த கூட்டத்தோடு நிற்பதில் எனக்கு விருப்பமும் இல்லை. பூஜைக்கு முதல் நாள் மதியமே விக்கிரமங்கலம் போகும் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால் நாற்றம் இல்லை. அதுதான் முதலில் என்னை உலுக்கியது. கடல் நாற்றத்துக்குப் பதில் உடைத்த பூசணியின் புளித்த வாடை, நமுத்த பொரி, ஊதுபத்திச் சாம்பல். தொட்டியில் போர்வெல் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மேலே குங்குமம் மிதந்தது. உள்ளே என் முப்பத்தாறு கட்டிகளும் புதிதாக வார்த்தவை போல வெளுத்துக் கிடந்தன. கையை விட்டு ஒன்றைத் தூக்கினேன். மேலே படிந்திருந்த பாசி இல்லை, உப்பு இல்லை. மேல்தோல் அரித்து மணல் தெரிந்தது. நெற்றியில் என் எண் இல்லை. அந்த இடத்தில் மூன்று விரல் சந்தனம். அடுத்ததைத் தூக்கினேன். அதிலும் சந்தனம். முப்பத்தாறையும் தூக்கிப் பார்த்தேன். ஆறேழு கட்டிகளில் சிவப்பு ஒரு நூல் அளவுக்கு இருந்தது, எந்த எண்ணின் மிச்சம் என்று சொல்ல முடியவில்லை.

அக்கா பின்னால் வந்து நின்றார். சந்தோஷமாக இருந்தார்.

"எல்லாம் நாந்தான் மேடம். ராத்திரி ஆயிடுச்சு. கம்பி பிரஷ்ஷுக்குப் போவல, அப்பறம் பாத்ரூமு ஆசிட்ட ஊத்தித் தேச்சேன். மெஷினத் தொடவே இல்ல, நீங்க சொன்னீங்கள்ல? உங்க கல்ல மட்டுந்தான் செஞ்சேன்."

முப்பத்தாறு கட்டி, ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. குனிந்து தூக்கி, தேய்த்து, துடைத்து, மெஷினுக்கு முன்னால் கோபுரம் மாதிரி அடுக்கி, பூஜை முடிந்ததும் மறுபடி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கியிருக்கிறார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது. நான் அந்த விரல்களைப் பார்த்தேன், வெளியே போய்க் கல்லூரிக் குழாயில் முகம் கழுவினேன்.

டைரக்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பூஜைக்கு வந்த கம்பெனிக்காரர்கள் அந்தக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். படத்தை அவர் செல்போனில் நானே பார்த்தேன். சந்தனம் வைத்த என் கட்டிகளுக்குப் பின்னால் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிட் பட்டுவிட்டது, கடல் தண்ணீர் போய்விட்டது, எது எந்தக் கலவை என்று யாருக்கும் தெரியாது, புதிதாக வார்த்து மறுபடி ஒரு வருடம் ஊற வைப்பதைத் தவிர வழியில்லை என்றேன். அவர் நிமிர்ந்தார்.

"எதுக்கும்மா பதறுறே? ஒரு மாசம் கழிச்சு எல்லாத்தையும் ஒடை. எது ரொம்பத் தாங்குதோ, அந்த ஒம்பதும் அவங்க கலவை. மிச்சத்த மூணாப் பிரிச்சுக்க. ஒண்ணும் கஷ்டமில்ல."

அவர் சொன்னது புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. எந்தச் சிமெண்ட் வலுவானது என்று கண்டுபிடிக்கத்தான் சோதனை. வலுவாக வந்ததையெல்லாம் கம்பெனி சிமெண்ட் என்று எழுதிவிட்டு, கம்பெனி சிமெண்ட்தான் வலுவானது என்று சொல்லச் சொல்கிறார். அந்தத் தாளை நம்பிக் கடலில் அஸ்திவாரம் போடுவார்கள். அதன் அடியில் சோதனை செய்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டும்.

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. தன் கையால் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். என் ஆராய்ச்சிப் படிப்புக்கான பதிவு விண்ணப்பம் அவர் மேஜையில்தான் இருந்தது, அதை எடுத்து நேராக வைத்தார்.

பிறகு சொன்னார்: "சரி, உண்மைய எழுதலாம். ஆசிட் ஊத்திக் கெடுத்தது அந்தப் பொம்பளன்னு எழுதணும். எழுதினா அவ நாளையிலேர்ந்து வேலைக்கு வரமாட்டா. உன் ஜனந்தானே? உனக்குச் சரின்னா எனக்குச் சரி."

உன் ஜனம் என்று அவர் சொன்ன விதத்தை இப்போதும் சரியாக எழுத முடியவில்லை. என் சான்றிதழ்களை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். பார்த்துப் பத்திரமாக வைத்திருந்து, தேவைப்பட்ட நாளில் எடுத்து வைத்தார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். அம்மா சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா சிமெண்ட் ஆலையில் லோடுமேன், இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் உண்டு. நான் ஆறாவது படித்தபோது, சாலை போடப்போகிறார்கள் என்று சொல்லி ஒரு தாளில் ஊர் முழுக்கக் கைநாட்டு வாங்கிப் போனார்கள். அப்பாவும் வைத்தார், அம்மாவும் வைத்தாள். சுரங்கம் தோண்ட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் எழுதியிருந்தது என்று வெடி வைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. வெடிக்கு வந்த விரிசல் அது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் நான் படித்துச் சொல்லாமல் அம்மா கட்டைவிரலை மையில் வைக்க மாட்டாள். என் கையெழுத்தின் மேல் எனக்கு இருக்கும் கர்வம் அங்கே ஆரம்பித்தது. படிக்கத் தெரியாமல் வைத்த கைநாட்டை மன்னிக்கலாம். படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, தெரிந்தே போடும் கையெழுத்துக்கு என்ன பெயர் என்று அந்தச் சுவரின் கீழ் உட்கார்ந்து யோசித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். அவளுக்கு டைரக்டர் மேல் கோபம் வரவில்லை. அந்த அக்காவைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். எத்தனை பிள்ளைகள், புருஷன் இருக்கிறானா, எந்தத் தெரு. எனக்கு எதற்கும் பதில் தெரியவில்லை. "ரெண்டு வருசமாக் கூட இருக்க, ஒண்ணுமே தெரியல?" என்றாள்.

திங்கட்கிழமை அக்காவைத் தேடிப் போனேன். கழிப்பறைப் பக்கம் துடைப்பத்தை உதறிக்கொண்டிருந்தார். செய்தி ஏற்கெனவே அவருக்குப் போய்விட்டது. முகம் மாறியிருந்தது. நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

"அது என்னா கல்லு, எதுக்குத் தண்ணில கெடக்குதுன்னு ஒரு நாளு சொல்லிருக்கீங்களா? மெஷினத் தொடாதன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுது."

"தப்புதான்க்கா."

"தப்புன்னு இப்ப சொல்றீங்க. எம் பேர எழுதாதீங்க. வேலை போனாப் போவுதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு வேல வேணும்."

பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் நேர்மைக்கு அவர் வேலையைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். டைரக்டர் என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அருவருப்பில்தான் எழுத வேண்டியது என்ன என்று தெளிவானது.

ஒரு மாதம் கழித்து முப்பத்தாறு கட்டிகளையும் நசுக்கினேன். என்னோடு வேலை செய்த இன்னொரு ஆய்வு உதவியாளர் மெஷினை இயக்கினார். நான் கட்டியைத் தூக்கி வைத்து அளவைக் குறித்தேன். கான்கிரீட் உடையும்போது முதலில் ஓரங்கள் பொரியும், பிறகு அடிவயிற்றில் கேட்பது மாதிரி ஒரு சத்தம். சில கட்டிகளின் பொந்துகளில் குங்குமம் ஈரமாக இருந்தது. அவர் அவ்வப்போது, "இது அவங்களுதா இருக்குமா?" என்று கேட்டுச் சிரித்தார். பந்தயம் கட்டுகிற சிரிப்பு. நான் அடுத்த கட்டியைத் தூக்கி வைத்தேன்.

தாளில் முப்பத்தாறு வரிசை. எடை எழுதினேன், தாங்கிய சுமை எழுதினேன். கலவை என்ற கட்டத்தில் முப்பத்தாறு முறையும் "தெரியாது" என்று எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில், பூஜைக்காகக் கட்டிகள் ஆசிட்டால் கழுவப்பட்டு எண்கள் அழிந்தன, கடைசி ஒரு மாதம் கடல் தண்ணீரில் இல்லை, இந்த அளவுகளை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றேன். அதற்குக் கீழே: எண்களைக் கீறி வைக்காதது நான், கழுவக் கூடாது என்று யாருக்கும் சொல்லாததும் நான், பொறுப்பு என்னுடையது. அந்தக் கடைசி வரியை எழுத வெகு நேரம் ஆனது. என் தவறை என் அழகான கையெழுத்திலேயே எழுதுவது அவ்வளவு எரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

டைரக்டர் இரண்டு முறை படித்தார். என் விண்ணப்பத்தை எடுத்து, என் தாளை அதோடு சேர்த்துக் கிளிப் போட்டு, இரண்டையும் என்னிடமே நீட்டினார். "நல்லா எழுதுற. வேற எங்கயாவது எழுது" என்றார். மூன்றாம் நாள் வேறொரு தாள் தயாரானது. அதில் மூன்றாவது கலவை மற்ற மூன்றையும் தோற்கடித்திருந்தது. கலவை வாரியாக ஒன்பது ஒன்பதாக அழகாகப் பிரித்திருந்தார்கள். உடன் வேலை செய்தவர் கையெழுத்துப் போட வந்தபோது சட்டைப் பையைத் தடவிவிட்டு, "பேனா இருக்கா?" என்று என்னிடமே கேட்டார். கேட்டதும் கொடுத்துப் பழகிய கை, நான் நினைப்பதற்குள் நீட்டிவிட்டது. அவர் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் என் வேலை முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். அக்கா இருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவர் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது. வேலை போகவில்லை, அதுவரைக்கும் சரி.

என் தாளை நகலெடுத்து அந்தக் கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்கு, அரியலூர் தபால் ஆபீசிலிருந்து ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் அட்டை திரும்பி வந்தது. அதற்கு அடுத்த வாரம் போன் வந்தது. கம்பெனி இன்ஜினியர். பூஜைப் படத்தில் நடுவில் நின்றவர் தான்தான் என்று அவரே சொன்னார். மிக மரியாதையாகப் பேசினார். மையத்திலிருந்து தங்களுக்கு முறையான அறிக்கை வந்துவிட்டது, அதில் சந்தேகம் எதுவும் இல்லை, என் மன வருத்தம் புரிகிறது, எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்.

"அதனால மேடம், நீங்க அனுப்பினது எங்களுக்கு வரலன்னே வெச்சுக்கறோம். உங்களுக்கும் அதுதான் நல்லது."

நான் மக்காச்சோளம் காயப்போட்டிருந்த சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். சிமெண்ட் லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தேன்.

"வந்துருச்சுங்க சார். அட்டை எங்கிட்ட இருக்கு. உங்க ஆபீசு சீல் இருக்கு, தேதி இருக்கு, வாங்கினவரு கையெழுத்து இருக்கு."

மறுபக்கம் யாரிடமோ கையால் போனை மூடிக்கொண்டு பேசும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை.